காணாமல் போன பலகை

பெரிய துணிக்கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் ஒரு முறை தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கூரையை ஒட்டிக் குழாய்கள் ஓடும். குழாயில் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னப் பித்தளைத் தலைகள் இருக்கும். ஒவ்வொரு தலையின் நடுவிலும் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். பாதித் தீக்குச்சி நீளம்தான் அது. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு திரவம் இருக்கும்.

இதற்கு ஸ்பிரிங்க்ளர் என்று பெயர். தீப் பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி இது.

தீயின் சூடு மேலே ஏறுகிறது. குப்பியில் உள்ள திரவம் விரிகிறது. சிவப்புக் குப்பி என்றால் 68 டிகிரி சூட்டில் உடையும். உடனே அடைப்பு விலகும். குழாயில் காத்திருந்த தண்ணீர் பாய்ந்து வரும்.

சினிமாவில் வேறு மாதிரி காட்டுவார்கள். ஒரு மூலையில் புகை வந்ததும் கட்டடம் முழுவதும் மழை கொட்டும். அது சினிமா. சாதாரண ஸ்பிரிங்க்ளர் புகைக்குத் திறக்காது, சூட்டுக்குத்தான் திறக்கும். அதுவும் எந்தத் தலைக்குச் சூடு ஏறுகிறதோ அந்தத் தலை மட்டும் திறக்கும். பல தீக்களை நாலைந்து தலைகளே அடக்கிவிடும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா என்று ஒரு நகரம் உண்டு. அங்கே 38 மாடிக் கட்டடம் ஒன்றில் 1991 பிப்ரவரி 23 அன்று இரவு தீப் பிடித்தது. தீ தொடங்கியது 22-வது மாடியில். அந்த மாடியில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. தீயணைப்பு வீரர்கள் மேலே ஏறினார்கள். அங்கிருந்த குழாயில் தங்கள் ஹோஸைப் பூட்டினார்கள். தண்ணீர் வந்தது. ஆனால் வேகம் இல்லை. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகளைத் தவறான அளவில் வைத்திருந்தார்கள். அந்தத் தீயில் 3 வீரர்கள் இறந்துபோனார்கள். தீ ஒவ்வொரு மாடியாக ஏறி 30-வது மாடியில் நின்றது. அந்த மாடியில் ஸ்பிரிங்க்ளர் இருந்தது. 10 தலைகள் திறந்தன. தீயணைப்பு வண்டிகள் கீழே இருந்து தண்ணீரைத் தள்ளிக் கொடுத்தன. எட்டு மாடி ஏறி வந்த தீயை அந்த 10 தலைகள் நிறுத்தின.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது என்பது இதில் தெரிகிறது. எவ்வளவு தண்ணீர், எந்த அழுத்தத்தில் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இதற்கு ஒரு விடை உண்டு. அந்த விடையை எழுதி வைத்திருக்கும் இடம்தான் தகவல் பலகை.

பலகை எங்கே இருக்கும்?

பம்ப் ரூமிலிருந்து வரும் தண்ணீர் ஒரு தடித்த குழாய் வழியாக மேலே ஏறும். இதற்கு ரைசர் என்று பெயர். ரைசரில் பெரிய வால்வு இருக்கும். அழுத்தம் காட்டும் மீட்டர் இருக்கும். அதன் பக்கத்தில் அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு தகடு தொங்கும். கம்பியாலோ சங்கிலியாலோ கட்டியிருப்பார்கள். தொழிலாளர்கள் அதைப் 'பிளேட்டு' என்பார்கள்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கும். ஆனால் அதில் முக்கியமானவை எண்கள். எண்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டாம். எந்த வரி எதைச் சொல்கிறது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு பலகையைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

இடம்: பின்பக்கக் குடோன்
சரக்கு: இயந்திர உதிரி பாகங்கள்
ஆபத்து வகை: நடுத்தரம்
தண்ணீர் அளவு: ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர்
கணக்கிட்ட பரப்பு: 360 சதுர மீட்டர்
ரைசர் அடியில் தேவை: நிமிடத்துக்கு 2,100 லிட்டர், அழுத்தம் 4 பார்
அமைத்தவர் பெயர், தேதி

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். 5 லிட்டர் என்றால் 5 மில்லிமீட்டர். அது ஒரே நிமிடத்தில் விழ வேண்டும். ஒரு மணி நேரம் தொடர்ந்து விழுந்தால் 300 மில்லிமீட்டர், அதாவது 30 சென்டிமீட்டர் மழை. ஐப்பசி அடைமழைகூட ஒரு மணி நேரத்தில் அப்படிக் கொட்டாது. நடுத்தர ஆபத்துக்கே இவ்வளவு வேண்டும்.

360 சதுர மீட்டர் என்பது 20 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம் உள்ள இடம். தீ அந்த அளவுக்குப் பரவினாலும் தண்ணீர் போதவேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 360-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,800 லிட்டர். பலகையில் 2,100 என்று இருக்கிறதே, ஏன்? கடைசியில் இருக்கும் தலைக்கும் 5 லிட்டர் கிடைக்க வேண்டும். அப்படியானால் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் தலைகளில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அங்கே தண்ணீர் அதிகமாகவே கொட்டும். வாய்க்கால் பாசனம் செய்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கடைமடைக்குப் பாய வேண்டுமானால் தலைமடையில் கூடுதலாக ஓட வேண்டும்.

4 பார் என்பது அழுத்தத்தின் அளவு. 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அடிக்குழாயில் ஏறத்தாழ 1 பார் கிடைக்கும். 4 பாருக்கு 40 மீட்டர் உயரம் வேண்டும். அவ்வளவு உயரத்தில் தொட்டி கட்டுவது கடினம். அதனால்தான் பம்ப்.

இனி பலகை தொலைந்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

பெங்களூருக்குத் தெற்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு குடோன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஆபீஸ். பின்பக்கம் பெரிய குடோன். ஆபீஸுக்கு ஒரு ரைசர், குடோனுக்கு ஒரு ரைசர். பகலில் குடோனில் 40 பெண்கள் பேக்கிங் வேலை செய்கிறார்கள். மத்தியானம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாட்ச்மேன் தர்மபுரிக்காரர். 45 வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். கேட்டில் லாரிப் பதிவேடு எழுதுவது அவர்தான்.

வருடச் சோதனைக்கு ஒரு ஃபிட்டர் வந்தார். ஓசூர்ப் பையன். பம்ப் ரூமில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டாவது ரைசர்ல பிளேட்டு எங்கே?"

"போன வருஷம் குழாய்க்குப் பெயின்ட் அடிச்சாங்க தம்பி. அப்போ கழட்டினாங்க. திரும்ப மாட்டலை."

அலுமினியத் தகடு. காயலான் கடைக்குப் போயிருக்கும். வெறும் கம்பி மட்டும் ரைசரில் தொங்கியது.

சூப்பர்வைசர் வந்தார். "இதுக்குப் போய் என்னப்பா? முதல் ரைசர்ல ஒண்ணு இருக்குல்ல. அதையே பார்த்து எழுதி மாட்டு. நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் வர்றார்."

ஃபிட்டர் முதல் பலகையைத் துடைத்துப் படித்தார். "சார், இது ஆபீஸுக்குப் போட்ட கணக்கு. சதுர மீட்டருக்கு 2.25 லிட்டர்தான். பரப்பு 84 சதுர மீட்டர். பின்னாடி குடோனுக்கு இது ஆகாது."

"யாருப்பா இதையெல்லாம் படிக்கப் போறாங்க?"

வாட்ச்மேன் பேசவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து 2.25 என்றும் 84 என்றும் எழுதிக்கொண்டார்.

சூப்பர்வைசர் சொன்னதைப் பல இடங்களில் செய்கிறார்கள். கடைத்தெருவில் ஒரு மணி நேரத்தில் தகடு எழுதித் தருவார்கள். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பலகை இல்லாததைவிடத் தப்பான பலகை ஆபத்தானது. பலகை இல்லாவிட்டால் சோதனைக்கு வருகிறவர் ஏன் இல்லை என்று கேட்பார். தப்பான பலகை இருந்தால் அதை நம்பிவிடுவார். 84-ஐ 2.25-ஆல் பெருக்கிப் பாருங்கள். 189 லிட்டர். அந்தக் குடோனுக்குத் தேவை 2,100 லிட்டர். பம்ப் பாதி பழுதாகி 1,000 லிட்டர்தான் தந்தாலும் "பலகையில் உள்ளதைவிட அதிகமாகவே வருகிறது, சரி" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். தகடு சொல்லியிருக்கும்.

அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 25 என்ற விதிநூல் உண்டு. இந்தியாவிலும் பல பெரிய கட்டடங்களில் அதைப் பின்பற்றுகிறார்கள். பலகை இருக்கிறதா, இறுகக் கட்டியிருக்கிறதா, எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது அந்த நூல். தொலைந்து போனாலோ எழுத்து அழிந்தாலோ புதிது மாட்ட வேண்டும். ஸ்பிரிங்க்ளர் அமைப்பதற்கு நம் நாட்டிலும் தர நிர்ணயம் உண்டு. 2002-ல் வந்த ஐ.எஸ். 15105 அது. 2016-ல் வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீப்பாதுகாப்புக்கென்றே ஒரு பெரிய பகுதி இருக்கிறது.

சரி, புதிய பலகைக்கு எண்கள் எங்கிருந்து வரும்?

முதலில் பழைய காகிதங்களைத் தேட வேண்டும். கட்டட முதலாளியின் பீரோ, ஸ்பிரிங்க்ளர் அமைத்த கம்பெனி, தீயணைப்புத் துறைக்கு அனுமதிக்காகக் கொடுத்த டிராயிங், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கோப்பு. இந்த நான்கில் ஒன்றில் பழைய கணக்கு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, கட்டடம் அன்று இருந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பது. இடையில் சுவர் எழுப்பியிருப்பார்கள். புதிதாகப் பத்துத் தலைகள் சேர்த்திருப்பார்கள். பம்பை மாற்றியிருப்பார்கள். அப்படியானால் பழைய கணக்கு செல்லாது.

பொம்மசந்திரா குடோனில் பழைய டிராயிங் ஒன்று கிடைத்தது. கணக்கு கிடைக்கவில்லை. அமைத்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். எனவே ஓர் இன்ஜினீயரை அழைத்தார்கள்.

அந்த அம்மா இரண்டு நாள் ஏணியில் ஏறி இறங்கினார். குழாய்களின் தடிமன், நீளம், வளைவுகள் எல்லாம் அளந்தார். தலைகளை எண்ணினார். ஒவ்வொரு தலையும் 12 சதுர மீட்டர் இடத்தைப் பார்த்துக்கொள்கிறது. 12-ஐ 5-ஆல் பெருக்கினால் ஒரு தலைக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர். 360 சதுர மீட்டருக்கு 30 தலைகள். பிறகு பம்பை ஓட்டி, எவ்வளவு தண்ணீர் எந்த அழுத்தத்தில் வருகிறது என்று அளந்தார். குழாயும் பம்பும் இயந்திர உதிரி பாகங்களுக்குப் போதும் என்று கணக்கில் வந்தது.

அப்போது குடோனுக்குள் பார்த்தார். இரும்புச் சாமான் ஒன்றுகூட இல்லை. தரையிலிருந்து கூரைக்குழாய் வரை ஃபோம் மெத்தைகள்.

"இங்கே எப்போதும் மெத்தைதானா? எப்போ மாறுச்சு?" என்று கேட்டார்.

சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

"இருங்க மேடம்" என்று வாட்ச்மேன் கேட்டுக்குப் போனார். பழைய பதிவேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. 'லாரி 3. மெத்தை. 240.' அதற்கு முந்தைய பக்கங்களில் எல்லாம் 'இரும்புப் பெட்டி' என்று இருந்தது. வாட்ச்மேன் எழுதியதுதான். அந்த நாளில் அவருக்கு 'த்' சரியாக வராது. 'மெதை' என்று எழுதியிருந்தார்.

"போதும் அண்ணா. இதுதான் வேணும்" என்றார் இன்ஜினீயர். பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இதில் என்ன இருக்கிறது? இரும்பு எரியாது. அதைச் சுற்றிய அட்டைப்பெட்டியும் மரப்பலகையும்தான் எரியும். ஃபோம் அப்படி இல்லை. தீ வேகமாக ஏறும். உருகி ஒழுகி எரியும். நச்சுப் புகை வரும். உயரமாக அடுக்கிய ஃபோமுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் எந்த மூலைக்கு? நான்கைந்து மடங்குகூடத் தேவைப்படலாம். குப்பிகள் உடையும். தண்ணீர் கொட்டும். தீ நிற்காது.

குடோன் முதலாளி நல்லவர்தான். ஆனால் செலவு என்றதும் எல்லோரையும் போலத் தயங்கினார். "அந்தப் பிளேட்டுல சரக்கு 'ஃபோம்'னு எழுதி, கூடுதலா ஒரு நம்பர் போட்டுடுங்களேன் மேடம்" என்றார்.

"எழுதலாம் சார். நான் எழுதினா உங்க பம்ப் பெருசாகிடுமா?"

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேக்கிங் நடக்கும் இடத்தைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் மெத்தை அடுக்குகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாளே பேக்கிங் வேலையை முன்பக்க ஷெட்டுக்கு மாற்றினார்கள். அந்த வாரத்துக்குள் ஃபோமில் பெரும்பகுதி வேறு இடத்துக்குப் போனது. மீதியையும் அனுப்பிய பிறகு புதிய பலகையில் உண்மையான எண்களை எழுதினார்கள். சரக்கு என்ற இடத்தில் 'இயந்திர உதிரி பாகங்கள் மட்டும்' என்று எழுதினார்கள். கீழே கன்னடத்திலும் தமிழிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ஃபிட்டர்: 'வேறு சரக்கு வைக்கும் முன் கேட்கவும்.' பெரிய பம்பும் தடித்த குழாயும் போடுவதா, ஃபோம் வியாபாரத்தையே வேறு குடோனுக்குக் கொண்டுபோவதா என்று முதலாளி இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய கட்டடங்களில் இன்னொரு வகை உண்டு. இத்தனை தலைக்கு இத்தனை தடிமன் குழாய் என்று ஒரு அட்டவணையைப் பார்த்துக் குழாய் போட்டிருப்பார்கள். தனியாகக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அங்கேயும் என்.எஃப்.பி.ஏ. 25 பலகை கேட்கிறது. 'இது அட்டவணைப்படி அமைத்தது' என்று அதில் இருக்க வேண்டும். இல்லாத எண்களைக் கற்பனையாக எழுதக் கூடாது.

பலகை மறுபடியும் தொலையாமல் இருக்கச் சில வேலைகள் செய்யலாம். மெல்லிய கம்பி அறுந்துவிடும். துருப்பிடிக்காத சங்கிலியால் ரைசரிலேயே கட்டுவது நல்லது. சுவரில் ஆணியடித்து மாட்டினால் சுவர் இடிக்கும்போது பலகையும் போய்விடும். தாளில் எழுதி ஒட்டினால் பம்ப் ரூம் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. எழுத்தைத் தகட்டில் வெட்டியோ பொறித்தோ எழுத வேண்டும். பெயின்டர் வரும் நாளில் பலகையைக் கழற்ற விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடச் சொல்லுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், யார் கழற்றினார், எங்கே வைத்தார் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள். மாட்டியதும் இன்னொரு வரி. பலகையைப் போட்டோ எடுத்து ஆபீஸ் கோப்பில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் தலைகளுக்கும் பெயின்ட் படக் கூடாது. பெயின்ட் படிந்த தலை நேரத்துக்குத் திறக்காது. அந்தத் தலையையே மாற்ற வேண்டும். சுரண்டி எடுத்தால் போதாது. சரக்கை அடுக்கும்போது தலைக்குக் கீழே அரை மீட்டராவது இடம் விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் விரிந்து விழாது. அடுக்கின் உச்சியிலேயே மோதி நின்றுவிடும்.

பொம்மசந்திரா வாட்ச்மேன் தன் நோட்டில் இரண்டு பலகைகளின் எண்களையும் எழுதி வைத்திருக்கிறார். மாதம் ஒரு நாள் பம்ப் ரூமுக்குப் போகிறார். பலகை இருக்கிறதா என்று பார்க்கிறார். மீட்டரில் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதுகிறார். சென்ற மாதத்தைவிடக் குறைந்திருந்தால் ஃபிட்டருக்குப் போன் செய்கிறார். கேட்டில் புதிய சரக்கு லாரி வந்தால் பெயரைப் பார்த்துவிட்டு, "இது உள்ளே போகலாமா சார்?" என்று கேட்கிறார். சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். இப்போது அவரே வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்.

வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பலகையில் 'ரைசர் அடியில் தேவை நிமிடத்துக்கு 2,000 லிட்டர்' என்று இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 1,00,000 லிட்டர். தீப் பிடித்தால் இந்தத் தண்ணீர் எத்தனை நிமிடம் வரும்? தொட்டியில் மிதவை பழுது, பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் எத்தனை நிமிடம்? உங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.